வின்சென்ட் ஷேபர்: முகிலைக் கண்ணாடித் தட்டில் பிடித்தவர்



மார்கழி, தை மாதங்களில் வரிப்பத்தான்சேனையில் நின்று கிழக்கே பார்த்திருப்பீர்கள். வடகீழ்ப் பருவக்காற்றோடு கடற்பக்கமிருந்து முகில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு முகில் இறக்காமம் குளத்துக்கு நீர் தந்துவிட்டுப் போகும். அதே நிறமும் அதே பருமனும் கொண்ட அடுத்த முகில் ஒரு துளியும் போடாமல் தலைக்கு மேலால் கடந்துவிடும். வட்டையில் விதைத்துவிட்டுக் காத்திருக்கும் உங்கள் வாப்பாவுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. ஏன் ஒன்று பெய்கிறது, மற்றது பெய்யவில்லை? கீழே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. முகிலுக்குள்ளே மிதக்கும் துணிக்கைகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அவை எவ்வளவு பெரியவை, எத்தனை உள்ளன, நீராக உள்ளனவா, பனிக்கட்டியாக உள்ளனவா என்று அறிய வேண்டும்.

இன்று இந்த வேலைக்கென்றே கருவிகள் பொருத்திய ஆய்வு விமானங்கள் உள்ளன. அவற்றுக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் வின்சென்ட் ஷேபர். நீங்கள் எதிர்பார்ப்பது போல அவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று ஆய்வுக்கு வந்தவர் அல்லர். பாடசாலைக் கல்வியையே இடையில் விட்டவர்.

பிறப்பும் இளமையும்

ஷேபர் 1906 ஜூலை 4 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஸ்கெனெக்டடி நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் இவரே மூத்தவர். தாயாரின் உடல்நலம் கருதி, கோடை காலத்தில் குடும்பத்தினர் அடிரொண்டாக் மலைப்பகுதிக்குச் சென்று தங்குவர். காடு, மலை, பனி ஆகியவற்றின் மீது அவருக்கிருந்த விருப்பம் அங்கே தொடங்கியது.

மூத்த பிள்ளைக்குரிய சுமை எது என்பதை நமது ஊர்களில் விளக்கத் தேவையில்லை. வீட்டுக்கு வருமானம் தேவைப்பட்டதால் 1922 இல் அவர் பாடசாலையை விட்டு விலகி, அந்நகரிலிருந்த ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியில் இயந்திர வேலை பழகும் தொழிலாளியாகச் சேர்ந்தார். நான்கு வருடப் பயிற்சி முடிந்தது. ஆனால் தொழிற்சாலைக்குள் அடைந்து கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. மரங்களின் நோய்களுக்குச் சிகிச்சை செய்யும் தொழிலைக் கற்று, சிறிது காலம் அதிலே பிழைத்துப் பார்த்தார். பின்னர் அதே கம்பனிக்குத் திரும்பினார். இம்முறை அவருக்குக் கிடைத்தது கம்பனியின் ஆராய்ச்சிக்கூடத்தோடு இணைந்த பட்டறை. விஞ்ஞானிகள் கேட்கும் கருவிகளைச் செய்து கொடுப்பதே அங்கு அவருடைய வேலை.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இர்விங் லாங்மியர் பணியாற்றினார். மேற்பரப்பு இரசாயனம் பற்றிய ஆய்வுக்காக 1932 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு பெற்றவர் அவர். (பரிசு பெற்றவர் லாங்மியர், ஷேபர் அல்லர். பரீட்சையில் இருவரையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.) பட்டறையிலிருந்து வரும் கருவிகளின் நேர்த்தியைக் கண்ட லாங்மியர், 1930களின் தொடக்கத்தில் ஷேபரைத் தமது ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொண்டார். இருவருக்கும் மலையேறும் பழக்கம் இருந்தமையும் இந்த நெருக்கத்துக்கு ஒரு காரணம் எனலாம்.

ஒரு சிறிய கணக்கு

ஷேபரின் பணியை விளங்கிக்கொள்ள முன்னர் ஒரு கணக்கைச் செய்வோம். முகிலிலுள்ள ஒரு நீர்த்துளியின் விட்டம் ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. உங்கள் தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. நிலத்தில் விழும் ஒரு மழைத்துளியின் விட்டம் 2 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். விட்டம் 100 மடங்கு பெரியது. கோளத்தின் கனவளவு விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதசமன். ஆகவே 100 × 100 × 100, அதாவது பத்து இலட்சம் முகில் துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரேயொரு மழைத்துளி உருவாகும்.

முகில் துளி விழும் வேகமோ செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் மட்டுமே. கீழிருந்து எழும் இலேசான காற்றும் அதைத் தாங்கிவிடும். ஆகவே முகில் உண்டாவது வேறு, மழை பெய்வது வேறு. பத்து இலட்சம் துளிகள் எவ்வாறு ஒன்றாகின்றன என்பதுதான் கேள்வி. இரண்டு வழிகள் உள்ளன. பெரிய துளிகள் விழும்போது சிறியவற்றை மோதிச் சேர்த்துக்கொள்வது ஒன்று. மற்றது பனிக்கட்டிப் பளிங்குகளின் வழி.

இவ்விடத்தில் மாணவர் பலர் புள்ளியை இழக்கின்றனர். நீர் 0 பாகை செல்சியசில் உறையும் என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவர். முகிலிலுள்ள தூய சிறுதுளிகள் 0 பாகைக்குக் கீழேயும் நீராகவே இருக்க முடியும். சில வேளை -30 பாகைக்கும் கீழே. இதையே மீக்குளிர்ந்த நீர் என்கிறோம். இத்தகைய துளிகளுக்கிடையே ஒரு பனிக்கட்டிப் பளிங்கு தோன்றினால், அது சுற்றியுள்ள நீராவியைத் தன்மீது படியச் செய்து வேகமாக வளரும். நீர்த்துளிகள் ஆவியாகிச் சுருங்கும். வளர்ந்த பளிங்கு கனத்துக் கீழே விழும். வழியில் உருகினால் மழை, உருகாவிட்டால் பனி. சுவீடன் நாட்டவரான தோர் பேர்கரன் 1930களில் இதை விளக்கினார். விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பளிங்கைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி? நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பதற்குள் உருகிவிடுமே!

உருகாத பனித்துகள்

ஷேபர் 1940 அளவில் கண்ட வழி மிக எளியது. ஃபோம்வார் எனப்படும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கை விரைவில் ஆவியாகும் திரவமொன்றில் மிகக் குறைந்த அளவில் கரைத்தார். அக்கரைசலை உறைநிலைக்குக் கீழே குளிர வைத்து, கண்ணாடித் தட்டில் மெல்லியதாகப் பூசி, விழும் பனித்துகளை அதில் ஏந்தினார். சில நிமிடங்களில் திரவம் ஆவியாகிப் போக, பனித்துகளைச் சுற்றி மெல்லிய பிளாஸ்ரிக் உறை இறுகிக்கொண்டது. பின்னர் தட்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளேயிருக்கும் பனி உருகி, நீராவியாக உறையினூடே வெளியேறிவிடும். உறை மட்டும் எஞ்சும். ஆறு முனைகளும், ஒவ்வொரு முனையிலுமுள்ள கீறலும் குழியும் அச்சொட்டாக அதில் பதிந்திருக்கும். பனித்துகள் போய்விட்டது, அதன் பிரதி இருக்கிறது. அதை வருடக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம், எண்ணலாம், அளக்கலாம்.

இதன் பெறுமதி விமானத்தில் ஏறும்போதுதான் முழுமையாக விளங்கும். செக்கனுக்கு நூறு மீற்றர் அளவில் பறக்கும் விமானத்திலிருந்து வெறும் கண்ணாடித் தட்டை முகிலுக்குள் நீட்டினால் என்ன நடக்கும்? நீர்த்துளி மோதிப் பரவி, விமானம் தரையிறங்கும் முன்னரே காய்ந்துவிடும். பளிங்கு உடையும் அல்லது உருகும். ஃபோம்வார் பூசிய தட்டானால் துணிக்கை விழுந்த இடத்திலேயே அதன் வடிவம் நிலைத்துவிடும். பிற்காலத்தில், 1960களில், இதே கரைசலைப் படச்சுருளின் மீது பூசி, விமானம் பறக்கப் பறக்கச் சுருளும் நகரும்படி கருவிகள் அமைக்கப்பட்டன. சுருளின் எந்த இடம் எந்த நேரத்துக்குரியது என்று தெரிந்தால், முகிலின் எப்பகுதியில் எவ்வகைத் துணிக்கை இருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

யுத்த காலமும் வாஷிங்டன் மலையும்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது லாங்மியரும் ஷேபரும் முதலில் புகைத்திரை உண்டாக்கும் கருவியில் ஈடுபட்டனர். பின்னர் விமானங்களின் இறக்கையில் பனிக்கட்டி படிவது ஏன் என்ற பிரச்சினை வந்தது. அக்காலத்தில் இது விமானிகளின் உயிர்ப்பிரச்சினை. மீக்குளிர்ந்த துளிகள் இறக்கையில் மோதியவுடன் உறைந்துவிடும். பாரம் ஏறும், இறக்கையின் வடிவம் மாறும், விமானம் உயரத்தை இழக்கும்.

இதை ஆராய அவர்கள் நியூஹம்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் மலையுச்சிக்குச் சென்றனர். கடுங்காற்றுக்கும் உறைபனிக்கும் பெயர்போன இடம் அது. அங்கே வெவ்வேறு விட்டமுடைய உருளைகளைக் காற்றில் சுழல வைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு பனி படிகிறது என்று நிறுத்தனர். காற்று உருளையைச் சுற்றி வளைந்து செல்லும். சிறிய துளிகளும் அதனோடு வளைந்து போய்விடும். பெரிய துளிகளோ தமது சடத்துவத்தினால் நேரே சென்று மோதும். உருளை தடித்ததாக இருந்தால் சிறிய துளிகள் மேலும் எளிதாகத் தப்பிவிடும். எனவே மெல்லிய உருளையிலும் தடித்த உருளையிலும் படிந்த பனியை ஒப்பிட்டால், கண்ணால் காணாமலே துளியின் பருமனைக் கணித்துவிடலாம். நியூற்றனின் முதலாம் விதியை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய உதாரணம் வேறு கிடைப்பது அரிது.

பெட்டிக்குள் ஒரு முகில்

யுத்தம் முடிந்தது. மீக்குளிர்ந்த முகில் ஏன் பல வேளை பனியாக மாறாமலே இருக்கிறது என்ற கேள்வி ஷேபரை விடவில்லை. மலையுச்சிக்குப் போகாமல் ஆய்வுகூடத்திலேயே முகிலை உண்டாக்க எண்ணினார். வீட்டுப் பாவனைக்குரிய டீப் பிரீசர் பெட்டியொன்றை எடுத்து, உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டி, ஒரு மின்விளக்கின் ஒளிக்கற்றையை உள்ளே விழச் செய்தார். வாயால் ஊதினார். மூச்சிலுள்ள நீராவி ஒடுங்கிச் சிறிய முகிலாக நின்றது. அதற்குள் பலவகைத் தூள்களைத் தூவிப் பார்த்தார். பனிப் பளிங்குகள் குறிப்பிடத்தக்க அளவில் தோன்றவில்லை.

1946 ஜூலையில் வெப்பம் மிகுந்த ஒரு நாள். பெட்டி போதிய அளவு குளிரவில்லை. குளிரைக் கூட்டுவதற்காக மட்டும் உலர் பனிக்கட்டித் துண்டொன்றை உள்ளே வைத்தார். உலர் பனிக்கட்டி என்பது திண்மக் காபனீரொட்சைட்டு. அதன் வெப்பநிலை ஏறத்தாழ -78 பாகை செல்சியஸ். வைத்த கணமே ஒளிக்கற்றை முழுவதும் மின்னும் பளிங்குகளால் நிறைந்தது.

இதைத் தற்செயல் என்று எழுதிவிட்டுப் போகும் நூல்கள் உண்டு. அது அவருக்குச் செய்யும் அநியாயம். தற்செயலாக வைத்தார் என்பது உண்மை. ஆனால் அதன் பின் அவர் செய்ததைக் கவனியுங்கள். உலர் பனிக்கட்டி என்ற பொருளினாலா, அதன் குளிரினாலா இது நடந்தது என்று பிரித்தறிய முயன்றார். திரவ வளியில் குளிர்வித்த ஓர் ஊசியை முகிலினூடே நகர்த்தினார். அதற்கும் பளிங்குகள் தோன்றின. ஆகவே காரணம் பொருளன்று, குளிர். ஏறத்தாழ -40 பாகைக்குக் கீழே போனால் எந்தத் தூளின் உதவியுமின்றி நீர்த்துளி தானாகவே பனிக்கட்டியாகிவிடும் என்ற முடிவுக்கு வந்தார்.

பெட்டியில் நடப்பது வானத்தில் நடக்குமா? 1946 நவம்பர் 13 ஆம் திகதி, கேர்டிஸ் டல்பொட் என்ற விமானி ஓட்டிய சிறிய விமானத்தில் ஷேபர் ஏறினார். மசாசூசெட்ஸ் மாநிலத்துக் கிறேலொக் மலைக்கருகே, ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், மீக்குளிர்ந்த முகிலொன்றின் மீது சில இறாத்தல் உடைத்த உலர் பனிக்கட்டியைத் தூவினார். சில நிமிடங்களில் முகிலின் அடியிலிருந்து பனி விழத் தொடங்கியது. நிலத்தை அடையும் முன்னர் அது வறண்ட வளியில் ஆவியாகிவிட்டது. லாங்மியர் கீழே ஸ்கெனெக்டடி விமான நிலையத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பேர்னாட் வொனகட், வெள்ளி அயடைட்டின் பளிங்கமைப்பு பனிக்கட்டியினதை ஒத்திருப்பதால் அதுவும் இவ்வேலையைச் செய்யும் எனக் காட்டினார். உலர் பனிக்கட்டியோடு ஷேபரையும் வெள்ளி அயடைட்டோடு வொனகட்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூறாவளி திரும்பியது

மழையைக் கொண்டுவர முடியும் என்ற செய்தி பரவியது. அதனால் வரும் வெள்ளத்துக்கும் சேதத்துக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. வழக்குகளுக்கு அஞ்சிய கம்பனி, விமானப் பறப்புகளை இராணுவத்தின் பொறுப்பில் விட்டது. 1947 முதல் 1952 வரை நடந்த இம்முயற்சியே சிரஸ் திட்டம் எனப்படுகின்றது.

1947 ஒக்டோபர் 13 இல் இத்திட்டத்தின் விமானங்கள் அத்திலாந்திக் கடலில், கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்த ஒரு சூறாவளியின் மீது ஏறத்தாழ 80 கிலோகிராம் உலர் பனிக்கட்டியைத் தூவின. அதன் பின் சூறாவளி மேற்கே திரும்பி, ஜோர்ஜியா மாநிலத்துச் சவானா நகரப் பகுதியைத் தாக்கியது. மக்கள் கொதித்தெழுந்தனர். தமது செயலே சூறாவளியைத் திருப்பியது என லாங்மியர் நம்பினார். தூவுவதற்கு முன்னரே அது திரும்பத் தொடங்கிவிட்டது என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது ஓர் உண்மை புலப்படும். ஒன்றைச் செய்தோம், அதன்பின் ஒன்று நடந்தது என்பது மட்டும் நிரூபணமாகாது. செய்யாமல் விட்டிருந்தாலும் அது நடந்திருக்குமோ என்ற கேள்வி அப்படியே நிற்கும். நொபெல் பரிசு பெற்றவரும் இதில் வழுக்கினார் என்பதே என் கருத்து. பெட்டிக்குள் ஊசியை வைத்துச் சோதித்ததுபோல, வானத்தில் அவ்வளவு தெளிவாகச் சோதிக்க அக்காலத்தில் கருவி இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலப் பணிகள்

ஷேபர் 1954 இல் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியை விட்டு விலகினார். மின்னலால் மூளும் காட்டுத்தீயைக் குறைக்க முடியுமா என்ற ஆய்வில் சில காலம் ஈடுபட்டார். 1960 இல் அல்பனி நகரில், நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளிமண்டல விஞ்ஞான ஆராய்ச்சி நிலையம் உருவாக முன்னின்று உழைத்து, 1966 முதல் 1976 வரை அதன் பணிப்பாளராக இருந்தார். வெந்நீரூற்றுகள் நிறைந்த யெலோஸ்ரோன் பூங்காவுக்கு மாரி காலத்தில் விஞ்ஞானிகளை அழைத்துச் சென்றார். கொதிக்கும் ஆவி கடுங்குளிரில் மீக்குளிர்ந்த முகிலாக நிற்பதை அங்கே விமானமின்றியே ஆராயலாம். மோட்டார் வாகனப் புகையிலுள்ள ஈயத் துணிக்கைகள் முகிலைப் பாதிக்கக்கூடும் என்றும் 1960களிலேயே எச்சரித்தார். பாடசாலையை முடிக்காத இவருக்கு நோட்ர டேம் பல்கலைக்கழகம் 1948 இல் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியிருந்தது. 1993 ஜூலை 25 இல், தாம் பிறந்த நகரிலேயே, 87 ஆவது வயதில் காலமானார்.

அவர் விட்ட கேள்விக்கு விடை கிடைக்க மேலும் காலம் சென்றது. 1970களில் அமெரிக்கரான ராபர்ட் நொலன்பேர்க் லேசர்க் கதிரைப் பயன்படுத்தும் கருவிகளை உருவாக்கினார். விமான இறக்கையின் கீழ் பொருத்தப்படும் இக்கருவி, துணிக்கை கதிரைக் கடக்கும்போது சிதறும் ஒளியிலிருந்தோ விழும் நிழலிலிருந்தோ அதன் பருமனைப் பதிந்துவிடும். தட்டும் கரைசலும் தேவையில்லை. 2017 ஜனவரியில் இடாஹோ மாநில மலைகளின் மேல், ஒரு விமானம் வெள்ளி அயடைட்டைக் கோடாகத் தூவியது. வயோமிங் பல்கலைக்கழக ஆய்வு விமானம் அந்த முகிலினூடே போய்வந்து துணிக்கைகளை அளந்தது. தூவிய கோட்டில் மட்டும் பனிப் பளிங்குகள். கோட்டுக்கு இருபுறமும் மீக்குளிர்ந்த நீர்த்துளிகள். கிறேலொக் மலைப் பறப்புக்கு 70 ஆண்டுகளின் பின் கிடைத்த காட்சி இது.

நமது வானத்தில்

உலர் பனிக்கட்டி நமது முகில்களுக்கும் உதவுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் போன்ற அயனமண்டல நாடுகளில் 0 பாகை மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தை எட்டாத முகில்களில் மீக்குளிர்ந்த நீரே கிடையாது. இவற்றை வெப்ப முகில்கள் என்பர். இங்கே துளிகள் மோதிச் சேர்வதே மழைக்கு வழி. அதற்கு உதவுவது உப்புத்தூள். அது நீராவியை ஈர்த்துப் பெரிய துளிகளை உண்டாக்கும்.

இந்தியாவின் பூனே நகரிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினர் 1973 இற்கும் 1986 இற்கும் இடையில் பதினொரு பருவங்களில் இதைச் சோதித்தனர். டக்கோட்டா விமானத்திலிருந்து உப்பைத் தூவியதோடு, மக்னீசியம் ஒட்சைட்டுப் பூசிய கண்ணாடித் தட்டுகளையும் முகிலுக்குள் நீட்டினர். துளி மோதிய இடத்தில் வட்டமான குழி விழும். குழியின் விட்டத்திலிருந்து துளியின் விட்டத்தைக் கணிக்கலாம். இரண்டு பிரதேசங்களை வைத்து, எதில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தனர். தூவிய பிரதேசத்தில் மழை ஏறத்தாழ 24 வீதம் கூடியதாக முடிவு வந்தது. அதே நிறுவனம் 2009 முதல் நவீன கருவிகள் பொருத்திய விமானங்களைக் கொண்டு இந்தியாவின் பல பகுதிகளில் முகில் துணிக்கைகளை அளந்தது.

இலங்கையில் 2019 மார்ச்சில், வரட்சியினால் நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்த வேளையில், தாய்லாந்து நிபுணர்களின் உதவியோடு விமானப்படையின் வை-12 விமானம் மவுசாக்கலை நீர்த்தேக்கப் பகுதிக்கு மேலே முகில்களில் இரசாயனம் தூவியது. அங்கே மழையும் பெய்தது. சவானாவைப் பற்றிப் படித்த நீங்கள் இப்போது என்ன கேள்வி கேட்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

செய்து பார்க்க

நமக்கு விமானமும் இல்லை, பனியும் இல்லை. ஆனால் மழைத்துளியைப் பிடிக்கலாம். அமெரிக்காவில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1904 அளவில் பயன்படுத்திய முறை இது. அகன்ற தட்டொன்றில் சலித்த கோதுமை மாவை ஒரு விரல் தடிப்புக்குப் பரப்புங்கள். அதை மூடிக்கொண்டு மழைக்குள் சென்று, இரண்டு மூன்று செக்கன் மட்டும் திறந்துவிட்டு மறுபடி மூடுங்கள். விழுந்த துளி ஒவ்வொன்றும் மாவில் ஓர் உருண்டையாகும். நன்கு காய்ந்தபின் அரிதட்டில் சலித்து எடுத்து, உருண்டைகளின் விட்டத்தை அளந்து அட்டவணைப்படுத்துங்கள். மார்கழித் தூறலில் ஒரு முறையும், சித்திரை மாதத்து இடிமழையில் ஒரு முறையும் செய்யுங்கள். இடிமழையின்போது வெட்டவெளிக்குப் போகாமல் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்தே தட்டை நீட்டுங்கள். இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.